இதய மருத்துவரா, இதய அறுவை நிபுணரா: சம்பளக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். இதயம்தான் என்று முடிவாகிவிட்டது, சரி, நெஞ்சைத் திறக்காமல் வைத்தியம் பார்க்கும் கார்டியாலஜியா, இதய அறுவையா? எதில் வருமானம் அதிகம்? பெரியவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆபரேஷன் பண்றவங்களுக்குத்தான் காசு." நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி வைத்து, மயிரிழை போன்ற நூலால் ரத்தக்குழாயைத் தைப்பவருக்கு, மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பி விடுபவரைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

அமெரிக்காவில் அந்தப் பதில் சரி. பிரிட்டனில் அரசுச் சம்பளம் இருவருக்கும் ஒன்று. தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது தலைகீழ். ஒரே இதயம், ஒரே நோய், மூன்று ஊரில் மூன்று விடை. ஏன் என்று புரிந்துகொண்டால்தான் நம் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று சொல்ல முடியும்.

அமெரிக்காவில் தொடங்கலாம், அங்கே எண்கள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. மருத்துவர்களுக்கான டாக்ஸிமிட்டி தளம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, இதயம் உட்பட நெஞ்சறை அறுவை செய்யும் நிபுணர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 7,20,000 டாலர். கார்டியாலஜிஸ்ட்டுகளுக்குச் சுமார் 5,65,000 டாலர். ஒன்றரை லட்சம் டாலர் இடைவெளி. ஆனால் இந்த இரண்டாவது எண்ணுக்குள் பலவகை ஆட்கள் இருக்கிறார்கள். ஓ.பி.யும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் மட்டும் பார்ப்பவர், அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பவர், இதயத் துடிப்புக் கோளாறுக்கு மின்சிகிச்சை செய்பவர் எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. ஸ்டென்ட் வைப்பவர்களை மட்டும் தனியாக எடுத்தால் இடைவெளி நன்றாகச் சுருங்கிவிடும்.

இன்னொரு விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மருத்துவரின் உழைப்புக்கு ஒரு புள்ளி வைத்திருக்கிறது. 2024 பட்டியலில் ஒரு தமனியை ஒட்டி, அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் பைபாஸ் அறுவைக்குச் சுமார் 34 புள்ளி. சாதாரணமான ஒற்றை ஸ்டென்ட்டுக்குச் சுமார் 11. அதாவது ஒரு பைபாஸ், மூன்று ஸ்டென்ட்டுக்குச் சமம். பைபாஸ் நான்கைந்து மணி நேர வேலை. அதோடு, அறுவைக்குப் பின் 90 நாட்களுக்கு அந்த நோயாளியைப் பார்ப்பதற்கான கூலியும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். ஸ்டென்ட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. மறுநாள் பார்த்தால் மறுநாளுக்குத் தனிக் கட்டணம். மூன்று ஸ்டென்ட்டை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டு மதியம் ஓ.பி. பார்க்கலாம். மணிக்கணக்கில் பார்த்தால் அறுவை நிபுணர் முன்னால் இருக்க நியாயமே இல்லை.

பிறகு எப்படி முன்னால் இருக்கிறார்? அவர் இல்லாமல் மருத்துவமனை நடக்காது என்பதால். கால் தொடை வழியாகச் செயற்கை வால்வு பொருத்தும் டாவி சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலைன் கிரிபியே என்ற கார்டியாலஜிஸ்ட் முதலில் செய்தது. நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. அறுவை நிபுணரின் பிழைப்பையே தின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஓரளவு தின்றும்விட்டது. ஆனால் மெடிகேர் ஒரு நிபந்தனை போட்டது: கார்டியாலஜிஸ்ட்டும் அறுவை நிபுணரும் சேர்ந்து செய்தால்தான் பணம். இருவரும் இணை மருத்துவர்களாகக் கணக்கு எழுதி, ஒருவர் தனியாகச் செய்தால் கிடைக்கும் கட்டணத்தில் ஆளுக்கு 62.5 சதவீதம் வாங்குகிறார்கள். இப்படி, அறுவைப் பிரிவு இல்லாத மருத்துவமனைக்கு லாபமுள்ள வால்வுச் சிகிச்சையும் இல்லை என்றாகிவிட்டது. ஆள் குறைவு, தேவை கட்டாயம். அந்தக் கட்டாயத்துக்குத்தான் மருத்துவமனை கூடுதலாகச் சம்பளம் கொடுக்கிறது.

பிரிட்டன் கதை சுருக்கமானது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இல் கன்சல்டன்ட் என்ற மூத்த நிபுணருக்கு 2024-25 ஊதிய அளவு 1,05,504 பவுண்டில் தொடங்கி 1,39,882 பவுண்டில் முடிந்தது. கண் மருத்துவர், தோல் மருத்துவர், இதய அறுவை நிபுணர் எல்லோருக்கும் அதே அட்டவணைதான். வித்தியாசம் வருவது இரவு அழைப்புக்கான படியிலும் தனியார் பிராக்டிஸிலும்தான்.

இப்போது நம் ஊர். அரசுப் பணியில் இங்கும் பிரிட்டன் கதைதான். எய்ம்ஸில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாயில் தொடங்குகிறது. தனியாகத் தொழில் செய்யாமல் இருப்பதற்காக அடிப்படையில் 20 சதவீதம் படி உண்டு. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்தால் பெருநகரத்தில் பிடித்தங்களுக்கு முன் இரண்டு லட்சத்தைத் தாண்டும். கார்டியாலஜியா, இதய அறுவையா என்று அந்த அட்டவணை கேட்பதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியில் மருத்துவருக்குத் தொடக்க நிலை 56,100 ரூபாய் அடிப்படை. 2019 அக்டோபரில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்ததே ஊதிய உயர்வு பற்றிய அரசாணை 354-ஐ ஒட்டித்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு வசதி உண்டு. பணி நேரத்துக்கு வெளியே தனியாக நோயாளிகளைப் பார்க்க அரசு மருத்துவருக்கு அனுமதி இருக்கிறது. இங்கேதான் இரண்டு துறைகளும் பிரிகின்றன.

அரசுப் பணியில் இருக்கும் கார்டியாலஜிஸ்ட் மாலையில் ஒரு ஈ.சி.ஜி. மெஷின், ஒரு எக்கோ மெஷின் வைத்து கிளினிக் நடத்தலாம். திருநெல்வேலியிலோ கரூரிலோ ஒரு முதல் மாடியில் இரண்டு அறை போதும். அறுவை நிபுணர் மாலையில் என்ன செய்வார்? அவருக்கு இதயம் நிற்கும் நேரத்தில் ரத்தத்தை ஓடவைக்கும் ஹார்ட்-லங் மெஷின் வேண்டும், அதை இயக்கப் பெர்ஃப்யூஷனிஸ்ட் வேண்டும், இதய மயக்க மருத்துவர், பழகிய ஐ.சி.யூ. நர்ஸுகள், ரத்த வங்கி எல்லாம் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கத்தியைத் தொட முடியாது. அவருடைய திறமை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் பெரிய கட்டடம் தேவைப்படுகிறது. அந்தக் கட்டடம் அவருடையது இல்லை.

தனியார் துறையில் இதுவே கார்டியாலஜிஸ்ட்டின் பேரம் பேசும் பலமாக மாறுகிறது. ஒரு நெஞ்சுவலி நோயாளி போகும் வழியைப் பாருங்கள். முதலில் குடும்ப மருத்துவர் அல்லது அவசரப் பிரிவு. அங்கே ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு கார்டியாலஜிஸ்ட்டிடம் அனுப்புகிறார்கள். அவர் எக்கோ எடுக்கிறார், டிரெட்மில்லில் ஓடவைக்கிறார், தேவையென்றால் ரத்தக்குழாய் அடைப்பைப் படமெடுக்கும் ஆஞ்சியோ செய்கிறார். படத்தைத் திரையில் காட்டி, மாத்திரை போதுமா, ஸ்டென்ட் வைக்கலாமா, பைபாஸ்தானா என்று குடும்பத்திடம் சொல்பவரும் அவரே. மூன்றாவது விடை வந்தால் மட்டும் அறுவை நிபுணர் கதைக்குள் வருகிறார். பைபாஸ் முடிந்து, காயம் ஆறி, தையல் பிரித்த பிறகு நோயாளி எங்கே போகிறார்? மறுபடி கார்டியாலஜிஸ்ட்டிடம். ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, கொழுப்பு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ எல்லாம் ஆயுளுக்கும் அங்கேதான். அறுவை நிபுணருக்கு அந்த நோயாளி ஒரு முறை வரும் வருமானம். கார்டியாலஜிஸ்ட்டுக்கு அவர் இருபது வருட நோயாளி.

ஆகவே ஒரு சிகிச்சைக்கான கட்டணத்தை வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. பைபாஸுக்கான பில் ஸ்டென்ட் பில்லைவிடப் பெரிதாக இருக்கலாம். அதிலிருந்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் ஆக்ஸிஜனேட்டர், ஐ.சி.யூ. நாட்கள், மயக்க மருத்துவர், பெர்ஃப்யூஷனிஸ்ட், ரத்தம் எல்லாம் போக, அறுவைக் குழுவுக்கென்று ஒரு தொகை வரும். அது குழுவுக்கான தொகை; தலைவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிரிப்பார். காப்பீட்டில் வரும் நோயாளி என்றால் மொத்தமும் ஒரே பேக்கேஜ் தொகைக்குள் அடங்கவேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இங்கே இதய அறுவைகளுக்குப் பெரிய வாசல். ஆனால் மருத்துவமனை அந்தத் தொகைக்குள் செலவைச் சுருக்கும்போது முதலில் சுருங்குவது யாருடைய பங்கு என்று சொல்லவா வேண்டும்.

படிப்புக் காலம் காகிதத்தில் இருவருக்கும் ஒன்றுதான். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. அப்புறம் ஒரு பக்கம் எம்.டி. பொது மருத்துவம் 3, அதற்கு மேல் கார்டியாலஜிக்கான டி.எம். 3. மறுபக்கம் எம்.எஸ். பொது அறுவை 3, இதய அறுவைக்கான எம்.சிஹெச். 3. நுழைவுத் தேர்வுக்காக வீட்டில் உட்கார்ந்த வருடங்களைச் சேர்க்காமலே பதினொன்றரை. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு பாதை பிரிகிறது. டி.எம். முடித்தவர் ஓரிரு வருடத்தில் தனியாக ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் செய்யத் தொடங்கிவிடுவார். இரண்டாம் நிலை ஊர்களில் ஆஞ்சியோ, ஸ்டென்ட்டுக்கான கேத் லேப் புதிதாகத் திறக்கும் மருத்துவமனைகள் அவரைத் தேடி வரும். எம்.சிஹெச். முடித்தவர் இன்னும் பல ஆண்டுகள் சீனியர் பக்கத்தில் நின்று காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துக் கொடுப்பார், நெஞ்சைத் திறந்து மூடுவார், இரவில் ஐ.சி.யூ. பார்ப்பார். தன் பெயரில் நோயாளி வருவதற்குள் நாற்பதை நெருங்கிவிடுவார். அந்த வருடங்களின் சம்பளம், அதே வயது கார்டியாலஜிஸ்ட் வாங்குவதில் ஒரு பகுதிதான். முப்பதிலிருந்து நாற்பது வரை சேர்த்திருக்க வேண்டிய பணத்தை ஐம்பதில் வாங்கும் பெரிய சம்பளம் ஈடுகட்டுமா என்று வட்டி போட்டுப் பார்த்தால் பலருக்கு ஈடுகட்டாது.

இதன் விளைவு கலந்தாய்வில் தெரிகிறது. சூப்பர் ஸ்பெஷாலிட்டி நீட் தேர்வில் டி.எம். கார்டியாலஜி இடங்கள் தொடக்கச் சுற்றுகளிலேயே போய்விடும். சமீப காலமாக குடல் இரைப்பை மருத்துவம் அதோடு போட்டி போடுகிறது. சி.டி.வி.எஸ். எனப்படும் இதய அறுவை எம்.சிஹெச். இடங்களோ நாடு முழுவதும் கடைசிச் சுற்று வரை காலியாகக் கிடக்கும். தகுதி மதிப்பெண்ணைக் குறைத்துக்கூட நிரப்பப் பார்க்கிறார்கள்.

சென்னையை வைத்துப் பார்த்தால் இது வருத்தமான செய்தி. 1975-ல் இந்தியாவின் முதல் பைபாஸ் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். பதினோரு ஆண்டு கழித்து, 1986-ல், நெஞ்சைத் திறக்காமல் குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி நாட்டிலேயே முதலில் நடந்ததும் சென்னையில்தான். செய்தவர் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். இருவரும் 2025-ல் சில மாத இடைவெளியில் மறைந்தார்கள். அவர்கள் தொடங்கியபோது இதய நிபுணர் என்றாலே மக்கள் மனதில் அறுவை செய்பவர்தான். அந்த நாற்பது ஆண்டுகளில் வாசல் கைமாறிவிட்டது.

சரி, கார்டியாலஜி என்றால் கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாமா? அங்கேயும் பள்ளங்கள் உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலையை 29,600 ரூபாய்க்கும், சாதாரண ஸ்டென்ட்டை 7,260 ரூபாய்க்கும் கட்டிப்போட்டது. மருந்து பூசியது அதுவரை ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற பொருள். நோயாளிக்கு நல்லது, ஸ்டென்ட் லாபத்தை நம்பிச் சம்பளம் பேசியிருந்த மருத்துவமனைகள் ஒப்பந்தங்களைத் திருப்பிப் பார்த்தன. 2019-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வு, நிலையான நெஞ்சுவலி உள்ள பெரும்பாலோருக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்வதால், நல்ல மாத்திரைச் சிகிச்சையைவிட உயிரிழப்பு குறைவதில்லை என்று காட்டியது. காப்பீட்டு நிறுவனங்கள் இதையெல்லாம் படிக்கின்றன.

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு கார்டியாலஜிஸ்ட் இருக்கிறார் என்பதும் உண்மை. அங்கே புதிதாக வருபவருக்குப் பழைய விலை கிடையாது. அதோடு ஒப்பந்தத்தில் ஒரு பொறி இருக்கும். முதல் ஒன்றிரண்டு வருடம் மாதம் இவ்வளவு என்று உறுதித் தொகை. மருத்துவமனைகளில் இதை எம்.ஜி. என்பார்கள். அந்தக் காலம் முடிந்ததும், நீங்கள் கொண்டுவரும் நோயாளிகளில் பங்கு. அப்போதுதான் மாதாந்திரக் கூட்டத்தில் எத்தனை ஓ.பி. பார்த்தீர்கள், அதில் எத்தனை ஆஞ்சியோ, எத்தனை ஸ்டென்ட் என்ற கேள்விகள் வரும். தேவையில்லாத ஸ்டென்ட்டை மறுக்கும் துணிவுக்கு எந்த ஒப்பந்தத்திலும் படி கிடையாது. சம்பள ஒப்பீட்டில் இதையும் ஒரு செலவாகத்தான் நான் எழுதுவேன்.

இரவுகளும் அப்படித்தான். முழு மாரடைப்புடன் வரும் நோயாளிக்கு மருத்துவமனைக்குள் வந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்கவேண்டும். ஊரில் ஒரே கேத் லேப், இரண்டே கார்டியாலஜிஸ்ட் என்றால் ஒன்று விட்டு ஒரு இரவு உங்களுடையது. ஐந்தாறு கிலோ ஈய உடுப்பை இருபது வருடம் தோளில் சுமந்தால் முதுகெலும்பு பதில் சொல்லும். கதிர்வீச்சால் கண்ணில் புரை வரும் அபாயமும் உண்டு. அறுவை நிபுணரின் தூக்கமும் கெடும்தான். ரத்தக்கசிவுக்காக மறுபடி நெஞ்சைத் திறக்கவேண்டிய இரவுகள் கொடுமையானவை. ஆனால் பெரும்பாலான பைபாஸ் தேதி குறித்துச் செய்வது.

அறுவைக்கு எதிர்காலமே இல்லை என்று சொல்வோர் ஒன்றை மறக்கிறார்கள். 2012-ல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு, சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு உள்ளவர்களுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸே மேல் என்று தெளிவாகச் சொன்னது. சர்க்கரை, மெல்லிய குழாய்கள், நீளமாகப் பரவிய அடைப்பு: நம் ஊர் நோயாளியின் வர்ணனை இது. டாவி வால்வு இங்கே இன்னும் பல லட்சம் விலை என்பதால் வால்வு அறுவையும் அவ்வளவு சீக்கிரம் போகாது. பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளின் சிக்கலான இதயங்களுக்கு வேறு வழியும் கிடையாது.

அமெரிக்காவிலும் இதே சுழற்சி நடந்தது. ஸ்டென்ட் கொடிகட்டிப் பறந்த 2000களின் நடுவில் அங்கே இதய அறுவைப் பயிற்சி இடங்கள் பல காலியாகவே இருந்தன. பிறகு ஆள் தட்டுப்பாடு வந்தது, சம்பளம் நிமிர்ந்தது. நேராக ஆறு ஆண்டில் இதய அறுவை பயிலும் திட்டத்துக்கு இன்று கடும் போட்டி. இங்கே காலியாகும் சி.டி.வி.எஸ். இடங்கள் பதினைந்து வருடத்தில் அதே விளைவைத் தருமா? தரலாம். ஆனால் நம்மிடம் அறுவை நிபுணரைக் கட்டாயமாக்கும் மெடிகேர் போன்ற ஒரு பெரிய பணப்பை இல்லை. அதனால் நான் அதை நம்பிப் பந்தயம் கட்டமாட்டேன்.

"அப்படியென்றால் அமெரிக்கா போய் சர்ஜன் ஆகிவிடலாமே" என்பவர்களுக்கு: இந்தியாவில் வாங்கிய டி.எம்.மோ எம்.சிஹெச்.சோ அங்கே பொதுவாகப் பயிற்சிக் காலத்தைக் குறைக்காது. யு.எஸ்.எம்.எல்.இ. என்ற உரிமத் தேர்வை எழுதி, ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியை முதலிலிருந்து செய்யவேண்டும். உள்மருத்துவ ரெசிடென்சியில் வெளிநாட்டுப் பட்டதாரிகள் ஏராளம். அங்கே 3 ஆண்டு, பிறகு கார்டியாலஜி 3, ஸ்டென்ட் வேலைக்கு இன்னொன்று என்ற பாதையில் தமிழ் மருத்துவர்கள் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். அறுவை ரெசிடென்சியில் முழுப் பயிற்சி இடம் வெளிநாட்டுப் பட்டதாரிக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதய அறுவை அதைவிட. 7,20,000 டாலர் என்ற எண் நமக்கு எட்டும் கிளையில் தொங்கவில்லை.

இன்னொன்று, தேர்வு நடக்கும் இடம் பலர் நினைப்பது போல டி.எம்., எம்.சிஹெச். கட்டத்தில் இல்லை. நீட் பி.ஜி. முடிந்து எம்.டி. பொது மருத்துவமா, எம்.எஸ். பொது அறுவையா என்று எடுக்கும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. எம்.டி. எடுத்தவருக்குக் கார்டியாலஜி கிடைக்காவிட்டால் சிறுநீரகத்துக்கான நெஃப்ராலஜி, நரம்புக்கான நியூராலஜி, இரைப்பை என்று கதவுகள் திறந்திருக்கும். எம்.எஸ். எடுத்தவர் இதய அறுவையை யோசிக்கும்போது பக்கத்திலேயே சிறுநீர்ப் பாதை அறுவையான யூராலஜி நிற்கிறது. சிறிய மையம் வைத்துச் சொந்தக் காலில் நிற்க அது வசதியான துறை. சி.டி.வி.எஸ். எடுப்பவர் விட்டுக்கொடுப்பது அதையும் சேர்த்துத்தான்.

வருமானம்தான் முதல் காரணம், தமிழ்நாட்டிலேயே இருக்கப் போகிறோம் என்றால் என் விடை கார்டியாலஜி. அதிலும் பெருநகரத்தைத் தவிர்த்து, கேத் லேப் வந்து சில வருடமே ஆன மாவட்டத் தலைநகரம். நடுத்தரமான கார்டியாலஜிஸ்ட், நடுத்தரமான அறுவை நிபுணரைவிட முன்னாலேயே, நிம்மதியாகச் சம்பாதிப்பார். உச்சியில் மட்டும் கணக்கு மாறும். ஒரு பெரிய மருத்துவமனையின் இதய அறுவைத் துறைத் தலைவர், மாற்று இதயம் பொருத்துபவர், குழந்தைகளின் இதய அறுவையில் பெயர் எடுத்தவர் ஆகியோர் பெரும்பாலான கார்டியாலஜிஸ்ட்டுகள் தொடமுடியாத இடத்தில் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாற்காலிகள் மிகச் சில. அந்தச் சிலரின் வீட்டையும் காரையும் பார்த்துப் பிள்ளையை சி.டி.வி.எஸ்.ஸுக்கு அனுப்பக்கூடாது.

அரசுப் பணியோ எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனப் பணியோதான் வாழ்க்கை என்று முடிவு செய்தவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும்போது நேரம் போவது தெரியாத பிள்ளை தாராளமாக அறுவைக்குப் போகட்டும். சம்பளம் ஒன்று, வேலை வேறு.

எந்தப் பக்கம் போனாலும் முதல் வேலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். அறுவை நிபுணர் என்றால்: அங்கே மாதம் எத்தனை திறந்த இதய அறுவை நடக்கிறது, அதை எத்தனை சர்ஜன்கள் பிரித்துக்கொள்கிறார்கள், தனியாகச் செய்ய எப்போது விடுவார்கள், துணை சர்ஜனின் பங்கை மருத்துவமனை தருமா, தலைவர் தருவாரா. கார்டியாலஜிஸ்ட் என்றால்: உறுதித் தொகை எத்தனை மாதம், அதன்பின் பங்கு எந்த அடிப்படையில், ஸ்டென்ட் பேக்கேஜில் மருத்துவர் கட்டணம் தனியாக எழுதப்படுகிறதா, இரவு அழைப்பை எத்தனை பேர் பகிர்கிறார்கள், விலகினால் அதே ஊரில் தொழில் செய்யத் தடை உண்டா. இருவருக்கும் பொதுவான ஒன்று: தருவது சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா. கட்டணம் என்றால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருங்கால வைப்பு நிதியும் கிராஜுவிட்டியும் இருக்காது. மாதம் மூன்று லட்சம் என்று சொல்லப்படும் இரண்டு வேலைகள் ஒரே மூன்று லட்சம் ஆகாததற்கு இதுவும் ஒரு காரணம்.